நாற்காலியிடம் கேட்ட மன்னிப்பு

முதல் நாள் அந்த அறையில்
ஐம்பது நிமிடத்துக்குள் பதினேழு முறை
மன்னிப்புக் கேட்டேனாம்.
எண்ணியவர் ஹெல்வே.
அதில் ஒன்று
நான் காலில் இடித்துக்கொண்ட நாற்காலியிடம்.

தாலினில், கோப்லி வழித்தடத்தில்
பதினோரு வருடமாக டிராம் ஓட்டுகிறேன்.
"அதே தண்டவாளம், அதே நிறுத்தங்கள்,
என் வாழ்க்கையும்…" என்று
கெட்டிக்காரி மாதிரி நானே ஆரம்பித்தேன்.
ஹெல்வே பேனாவை மூடினார்.
"டிராமை விடுங்கள், அது நன்றாகத்தான் ஓடுகிறது.
ரைவோ வீட்டுக்கு வரும் நேரத்தில்
நீங்கள் எங்கே நிற்பீர்கள்?"

நடைவழியில்.
சாவி துளைக்குள் நுழையும் சத்தத்திலேயே
அன்றைய இரவு எனக்குத் தெரிந்துவிடும்.
ஒரே திருப்பில் திறந்தால் சாப்பிடலாம்.
இரண்டு முறை தடுமாறினால்
தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டும்.
சாவியே கேட்காமல்
கதவுக்கு வெளியே ஆள் நின்றுகொண்டேயிருந்தால்
உப்பு குறைந்ததற்கும் மழை பெய்ததற்கும்
மன்னிப்பை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வேன்.

ரைவோவுக்கு முன்னால் உர்மாஸ்.
உர்மாஸுக்கு முன்னால் ஒருவர். பெயர் வேண்டாம்,
இன்னும் என் டிராமில் ஏறுகிறார், பின் பெட்டியில்.
மூன்று பேருக்கும் முகஜாடையில் ஒற்றுமை கிடையாது.
மௌனம் மட்டும்
ஒரே கடையில் வாங்கியது.

ஆறாவது வாரம்தான் ஏரி வந்தது.
சொல்ல நினைத்து வந்ததல்ல.
ஜன்னலுக்கு வெளியே யாரோ
கார்க் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டினார்கள்,
வாய் தானாகத் திறந்துகொண்டது.

பெய்ப்சி ஏரி உறைந்ததும்
அப்பா மீன்பிடிக்கக் கூட்டிப்போவார்.
எனக்கு எட்டு வயது, எடை குறைவு,
அதனால் முன்னால் நான்.
பனிப்பாளம் பேசும்.
கணீரென்றால் தாங்கும்.
மொத்தென்றால் நில்.
அடியில் நீளமாக ஒரு முனகல் ஓடினால்
திரும்பாதே, ஓடாதே,
மெதுவாகப் படுத்துக்கொள்.
இதைத் தவிர அப்பா பேசியதாக நினைவில்லை.
வீட்டில் அவர் நாட்கணக்கில் வாய் மூடியபோது
மரத்தரையிலும் நான்
அப்படித்தான் நடந்தேன்,
குதிகால் படாமல்.

ஹெல்வே ஒன்றும் சொல்லவில்லை.
அவர் மேசையில் ஒரு செடி, வாடிக் கிடந்தது.
எப்போது போனாலும் வாடித்தான் கிடக்கும்.
மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கு
ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியவில்லையே என்று
வாராவாரம் எனக்குள் எரிச்சல்.
அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.
சொல்லிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு
விரிசலுக்குக் காத்திருந்தேன்.
"ஆமாம், மறந்துபோகிறது" என்றார்.
அவ்வளவுதான்.
அழுகை எங்கிருந்துதான் வந்ததோ.

இப்போது கல்மர்.
மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.
கதவைத் திறக்கும்போதே அறிவிப்பார்:
"இன்றைக்குக் கடுப்பாக இருக்கிறேன்,
மேலாளர்மேல். உன்மேல் இல்லை. பசிக்கிறது."
ஒட்டுக்கேட்க ஒன்றுமே வைக்காத மனிதர்.
சலித்துவிட்டது, விட்டுவிடப் போகிறேன் என்றேன் ஹெல்வேயிடம்.
"விடலாம்.
சலிப்பு உங்களுக்கா, வேலை போய்விட்ட
உங்கள் காதுக்கா?"
பதில் சொல்லவில்லை, நேரம் முடிந்துவிட்டது.
முடியாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நேற்று இரவு இரண்டரை மணிக்கு விழிப்பு.
கல்மரின் குறட்டை சீரானதல்ல,
நின்று நின்று வரும்.
ஒவ்வொரு இடைவெளியிலும் கால் வைத்து
தாங்குமா என்று பார்த்தபடி படுத்திருந்தேன்.
பழைய வேலை, நன்றாகவே செய்தேன்.
பிறகு எழுந்து
சமையலறைக்கு நடந்தேன்,
குதிகால் முழுசாகத் தரையில் பட.
பலகை கிறீச்சிட்டது.
குறட்டை நின்றது.
மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்து
உட்கார்ந்துகொண்டது.
விளக்கைப் போட்டேன். குழாயைத் திறந்தேன்.

"ஐலி," இருட்டிலிருந்து,
"எனக்கும் ஒரு டம்ளர்."