ஒரு ரிங்

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் ஷபீர் கேட்பார்:
குழம்புக்கா, வறுவலுக்கா?
மூன்று சென்டிமீட்டர் கனம், என்பேன்.
மேலே கொழுப்பு, கீழே தசை, எலும்பு வேண்டாம்.
கறியை ஸ்கேல் வைத்து அளக்கும் பெண்ணுக்கு
வீட்டில் ஏதோ சரியில்லை என்று நினைத்து
ஒருநாள் ஈரலைச் சும்மா கொடுத்தார்.

தரமணியில், இரண்டாம் மாடியில்,
ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்பது கிராம் உப்பு.
ரத்தம் அவ்வளவுதான் கரிக்கும்.
எலியட்ஸ் பீச்சில் வாய்க்குள் போகும் அலை
இதைப்போல் நாலு மடங்கு.
முப்பத்தேழு டிகிரிக்குச் சூடாக்கிக்
கறியை அமிழ்த்துவேன்.
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
மாத்திரை அளவில் இரண்டு கருவிகள்.
ஒன்று இதயத்தின் மேலறைக்கு,
மற்றது கீழறைக்கு.
நடுவே ஒயர் கிடையாது.

மேலே இருப்பது சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று:
நான் துடித்தாயிற்று, இனி நீ.
ஒரு நாளைக்கு லட்சம் தடவை.
பத்து வருஷம்.
பேட்டரியோ ஒரு மொச்சைக்கொட்டை.
கத்தினால் நன்றாகக் கேட்கும்,
இரண்டே வருஷத்தில் தீர்ந்துபோகும்.
அதனால் முணுமுணுக்கக் கற்றுக்கொடுத்தோம்.
கேட்பதற்கும் செலவுண்டு
(இது புரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது).
ஆகவே கீழே இருப்பது
பேச்சு வரவேண்டிய கணத்தில் மட்டும்
காதைத் திறந்து, மூடி,
மறுபடி தூங்கிவிடும்.

இந்தக் கணக்கு எனக்குப் பழையது.
ஜெசிந்தாவும் நானும் வேளச்சேரியில் ஒரே அறை.
அவளுக்கு அம்பத்தூரில் இரவு ஷிப்ட்.
ஒரு ரிங்: பஸ் ஏறிவிட்டேன்.
இரண்டு ரிங்: இறங்கிவிட்டேன், கதவைத் திற.
எடுத்துத் தொலைக்காதே, காசு போகும்.
ரிங்கே வராவிட்டால் என்ன அர்த்தம் என்று
நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

ஏரி தன் பழைய இடத்தைத் தேடி
வேளச்சேரிக்கு வந்த அந்த டிசம்பரில்
டவர்கள் ஒவ்வொன்றாய் அவிந்தன.
நனையாமலிருக்க போனை அரிசி டின்னில் வைத்து
முதல் ராத்திரி முழுக்க
டின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மறுநாள் மாடிவீட்டுக் கோமளவல்லி ஸ்டவ் கொடுத்தார்.
கஞ்சி வைத்தேன். குடித்தேன்.
பாத்திரத்தை மழையில் நீட்டிக் கழுவினேன்.
தகவல் இல்லாமலும் அடுத்த வேளை பசித்தது.
அதற்கும் கஞ்சி வைத்தேன்.
நான்காம் நாள் இடுப்பு வரை சேறாக வந்து நின்றவள்
நீ அழவேயில்லையாடி, என்றாள்.
கொஞ்சம் கோபமாகத்தான்.

டிசைன் ஆவணத்தில் ஏழாம் விதி நான் எழுதியது:
மேலிருந்து தகவல் வராவிட்டால்
உரக்கக் கூப்பிடாதே.
நிமிஷத்துக்கு ஐம்பது வீதம் நீயாகவே துடி.
துடிப்புக்கு நடுவில்
காதை மட்டும் திறந்து பார்த்துக்கொள்.
மறுஆய்வுக் குழு ஓரத்தில் கேட்டிருந்தது: ஆதாரம்?
அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.

நேற்றிரவு பத்தாயிரத்தில் இரண்டு தொலைந்தன.
மூன்று பன்னிரண்டுக்கு ஒன்று.
அப்போது கரண்ட் போய்த் தண்ணீர் ஆறியிருந்தது.
இன்னொன்று ஏன் என்று தெரியவில்லை.
தெரியவில்லை என்றே எழுதினேன்.
யாரோ ஒருவர் மாம்பலம் ஸ்டேஷன் படியேறும்போது
அது அவருடைய ஒரு துடிப்பு.
லாக்கை உருட்டிப் பார்த்தேன்:
கீழறைக் கருவி தனியாக நான்கு முறை துடித்து,
ஐந்தாவதில் மேலே இருப்பதைக் கேட்டு,
ஒன்றுமே நடக்காததுபோல் அதோடு சேர்ந்துகொண்டிருந்தது.

ஐந்தேகாலுக்கு உப்பில் ஊறிய கறியோடு
கேட்டுக்கு வருவேன்.
நாய்கள் வந்து நிற்கும்.
நான் கூப்பிடுவதில்லை.

ஜெசிந்தா இப்போது கொரட்டூரில் இருக்கிறாள்,
புருஷன், பையன், அன்லிமிடெட் பிளான்.
நாள் முழுக்கப் பேசலாம், பேசுகிறோம்.
ஆனாலும் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியதும்
என் பைக்குள் போன்
ஒருமுறை அடித்து ஓய்கிறது.

கை தானாகப் பைக்குள் போகும்.
எடுக்க மாட்டேன்.