குறுந்தகடு என்றது

லினக்ஸ் அதைக் குறுந்தகடு என்றது.
மஞ்சக்குப்பத்தில் நேற்று வாங்கிய,
சிம் போட்ட மோடம்.
பிடுங்கிச் செருகினேன்.
குறுந்தகடுதான், என்றது மறுபடி.

கீழே ஐஸ் கம்பெனி அரைக்க
மேசை நடுங்கிக்கொண்டிருந்தது.
ஏற்றுமதிக் கணக்குக்கு ஆறு மணி கெடு.
அஞ்சலாட்சி எட்டிப் பார்த்து
"விண்டோஸ் போட்டுத் தொலையேன்" என்றாள்,
ஐந்தாம் முறையாக.

கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தேன்:
நீ தகடு இல்லை, வேஷத்தைக் கலை.
அந்தச் சொற்களில் அல்ல. பொருள் அதுதான்.
ஓர் எண் தப்பு. திருத்தினேன்.

பச்சை விளக்கு நீலமானது.
உப்பனாற்றில் ஒரு விசைப்படகு
முழுசாகக் கடந்துபோகும் நேரம் எடுத்து
முதல் கட்டம் நிறைந்தது.
ஐந்து ஐம்பத்தெட்டுக்குக்
கணக்கு போய்ச் சேர்ந்தது.

"நாளைக்கும் இந்தக் கூத்துதானா?"

அந்த வரியை
நான் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.