பதினைந்து செக்கன்

காலையில் கச்சேரியில் கையெழுத்துப் போட்டு வாங்கியபோது
நூறு வீதம்.
மனையாவெளி முடிகையில் அறுபத்து மூன்று.
வெயில் ஏற ஏற இந்த டெப்
தன் வெளிச்சத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது,
வெயிலோடு வாக்குவாதம்.
நான் குடைக்குள் இழுத்து
விரலால் அதன் குரலைத் தணிக்கிறேன்.

நிஃமத்துல்லா சேர் பயிற்சியில் சொன்னது:
வைஃபை வேண்டாம், புளூடூத் வேண்டாம்,
அதிர்வு வேண்டவே வேண்டாம்.
இருப்பிடத்தை மட்டும் அணைக்காதேங்கோ,
ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி விழவேணும்.
உறக்கம், பதினைந்து செக்கனில்.
இல்லாவிட்டால் போன கிழமை மூதூருக்குப் போனவரைப் போல
மத்தியானமே பற்றரி செத்து
கொப்பியில் எழுதி
இரவிரவாக மறுபடி ஏற்றவேண்டி வரும்.

பதினைந்து செக்கன் தாராளம் என்றுதான் நினைத்தேன்.
கூரை? தகரம்.
தண்ணீர்? குழாய்.
சமையல்? காஸ், முடிந்தால் விறகு.
இருமுவதைவிட வேகமாகப் பதில் சொல்கிறார்கள் சனங்கள்.

பாலையூற்றில் மாதா படத்துக்குக் கீழே
பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார் எமில்டா அக்கா.
பதினொரு வீதம். சிவப்பு.
இந்த வீட்டில் வழமையாக வசிப்போர் எத்தனை பேர்?

அக்கா வாசலைப் பார்த்தார்.
பிறகு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார்.

ஸ்கிரீன் மங்கியது.
அணைவதற்கு முன் அப்படித்தான், ஐந்து செக்கன்
அரைக்கண்ணோடு இருக்கும்.
எந்த விடையிலும் படாமல்
மூலையில், வெற்றிடத்தில், ஒரு தட்டு.
விழித்தது.
திரும்ப மங்கியது. தட்டினேன்.
இறங்குமிடம் வரும்வரைக்கும்
பஸ்ஸில் பிள்ளையைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதுபோல.

"அவர் போட்டில போறவர்.
இருபது இருபத்தைஞ்சு நாள் கடல்.
கரைக்கு வந்தா ரெண்டு நாள் இஞ்ச.
மிச்சம்..."

மங்கியது. தட்டினேன்.

"மிச்சம் சீனக்குடாவில."

படிவத்தில் சீனக்குடாவுக்குக் கட்டம் இல்லை.
ஒன்பது வீதம்.

"அங்க எண்ணிப்போட்டினமோ, தங்கச்சி?
அந்த வீட்டில அவரைச் சேர்த்தாச்சோ?"

சீனக்குடா என் பிரிவில்லை.
அங்கும் ஒருத்தி இதே டெப்போடு
இதே மூலையைத் தட்டிக்கொண்டிருப்பாள்.
தெரியாது அக்கா, என்றேன்.
ஏழு வீதத்தில் அது தானாகவே
இன்னும் இருட்டிக்கொண்டது.

அக்கா எழும்பிப் போய்
பிரிட்ஜின் வயரைப் பிடுங்கினார்.
"இதில குத்துங்கோ."
மீன் இருக்கே அக்கா?
"சூடைதானே. கிடக்கட்டும்."

சார்ஜில் இருக்கும்போது உறங்காதே என்றொரு கட்டளை
உள்ளே ஆழத்தில் இருக்கிறது.
சேர் காட்டித் தராதது, நானே தேடிப் பிடித்தது.
இனித் தட்டத் தேவையில்லை.
வேலையற்ற விரலை மடியில் வைத்துக்கொண்டேன்.
பிரிட்ஜ் நின்ற வீட்டில்
எங்கள் இருவரின் மௌனமும் பெரிதாகக் கேட்டது.
கேள்வி மட்டும்
முழு வெளிச்சத்தில் விழித்திருந்தது.

"நாலு எண்டு போடுங்கோ."

போட்டேன்.

"பேருகள் கேக்குமோ?"
கேட்கும்.
"முதல்ல ஆர்?"
வீட்டுத் தலைவர். நீங்கள் சொல்கிற ஆள்.
"அப்ப என்ர பேர்.
பிறகு சுவேந்தினி, பிறகு சின்னவன் ரெக்சன்.
அவரைக் கடைசியில போடுங்கோ."

கடைசி வரியில் பெயர், வயது, தொழில்.
பெயரைத் தயங்காமல் சொன்னார்.
வயதுக்குக் கொஞ்சம் யோசித்தார்.

பத்தொன்பது வீதத்தோடு வெளியே வந்தேன்.
பின்னால் பிரிட்ஜ்
ஒருமுறை உதறிக்கொண்டு இரையத் தொடங்கியது.
அடுத்த வீட்டுக் கேற்றில் நாய் கவனம் என்று எழுதியிருந்தது,
நாயைக் காணவில்லை.