ஒரு தெரு, இரண்டு பக்கம்

கிளிநொச்சியில் உலாத்த ஒரு தெருதான்.
டிப்போச் சந்தி மட்டும் போய்
எதிர்ப்பக்கத்தால் திரும்பினால்
அது இரண்டாகும்.

கண்ணாடிக்குள் தலையில்லாப் பொம்மைகள்
கூறைச்சேலையோடு நிற்கின்றன.
"முகத்துக்கும் சேர்த்தோ விலை?"
என்கிறாள் சுகிர்தா.

செருப்புக் கடையில் அவள் கேட்டது
பின்வார் வைத்தது மட்டும்.
இடது பாதம் விரலால் பிடிக்காது.
குனிந்து மாட்டிய பெடியன் கேட்டான்:
"கடிக்குதோ அக்கா?"
"ஒண்டு கடிக்குது.
மற்றதைக் கேட்டுச் சொல்லுறன்."
அவன் சிரிக்கலாமா என்று
என்னைப் பார்த்தான்.

மாடிக் கடையில்
பீட்சா படத்தில் இருந்தது,
அடுப்பில் இல்லை.
கொத்து ஒன்று, கோப்பை இரண்டு.
கீழே ஏ-ஒன்பதில்
வெங்காய லொறிகள்
எங்கள் மேசையை அதிரவைத்துப் போயின.

கடைசி விசுவமடு பஸ் எட்டுக்கு.
ஏழு ஐம்பதுக்கு,
புதுச் செருப்பைக் கதிரைக்கடியில் நீட்டியபடி,
ஐஸ்கிரீம் சொன்னாள்.