விலாசம்

டோக்கன் பதினேழு.
எனக்கு முன்னால் ஒரு தென்னந்தோப்பு
கைமாறிக்கொண்டிருக்கிறது.
பத்திரம் எழுதும் பூமிராஜ்
தலை நிமிராமல் கேட்கிறார்:
“எழுதிக் கொடுக்கிறவர் விலாசம்?”

எழுதிக் கொடுப்பது வடக்குத் தெரு வீட்டை.
உம்மா பெயரில் இருந்தது.
கீழக்கரை வழக்கம் தெரிந்ததுதானே,
பொம்பளைப் பிள்ளைக்கு வீடு,
ஆம்பளைப் பிள்ளைக்கு பாஸ்போர்ட்.
லாத்தா ஜெய்னம்பு நிக்காஹுக்குக் கீழ்த்தளம்.
சின்னவள் மர்சூக்காவுக்காக
என் பதினோரு வருஷ ஓவர்டைமில்
மாடி எழும்பியது.
படிக்கட்டுக் கல்லின் நிறத்தை
கிள்ளானில் இருந்துகொண்டு
போட்டோ பார்த்துச் சொன்னேன்.
அதில் ஏறி இறங்கியது
ஆறேழு தடவை இருக்கும்.
இத்தனை நாள் வாய்ச்சொல் போதுமாக இருந்தது.
உம்மா போனபிறகு பேங்க் கேட்கிறது,
மகன் கையெழுத்து எங்கே என்று.
விடுதலைப் பத்திரம் என்று இதற்குப் பெயர்.
யாருக்கு விடுதலை என்று எழுத
முத்திரைத்தாளில் இடம் இல்லை.

இருப்பது நடுத்தெருவில்.
வீடு என் பெண்சாதி ரஹ்மத்துடையது,
அவளுடைய உம்மா கொடுத்தது.
பிள்ளைகளுக்கு அது வீடு.
எனக்கு ஓர் அறை,
முப்பது வருஷம் முன்னால்
மாப்பிள்ளைக்கென்று ஒதுக்கிய அதே அறை.
ஐம்பத்தாறு வயதிலும் மாப்பிள்ளை.
மீன் தலை இன்னும் என் தட்டுக்குத்தான் வருகிறது.
மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று
போன மாதம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கிள்ளானில் என்னோடு அடுப்படியில் நின்ற ஜம்ரி
சுமத்ராவின் மலையூர்க்காரன்.
அங்கேயும் வயல், வீடு எல்லாம்
அக்கா தங்கச்சி வழிக்குத்தானாம்.
வளர்ந்த பையனுக்கு வீட்டில் பாய் கிடையாது,
தொழுகைக்கூடத்தில் தூக்கம்,
அப்புறம் கப்பல்.
புருஷன்னா அடிக்கட்டை மேல சாம்பல்,
காத்தடிச்சா காணோம் என்பார்களாம்.
தேங்காய் துருவிக்கொண்டே சொல்லிச் சிரிப்பான்.
இவன் எப்போது எங்கள் ஊருக்கு வந்துபோனான் என்று
நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

டோக்கன் பதினெட்டும் என்னுடையதுதான்.
கையில் மிஞ்சியதற்கு
மாயாகுளம் பக்கம் ஆறு சென்ட்.
தரகர் சேதுராக்கு பைக்கில் கூட்டிப்போனார்.
கருவேல முள், இரண்டு பனை,
எல்லைக்கல் மேல் காய்ந்த கணவாய் ஓடு.
“தண்ணி?”
“இருக்கு பாய். கொஞ்சம் கடல் வாடை அடிக்கும்.”
பக்கத்துக் குழாயில் விரல் நனைத்து நக்கினேன்.
இதில் சாயா போட்டால் பால் திரியும்.
“பத்து வருஷத்துல கடல் இன்னும் கிட்ட வந்துரும்,
அப்ப ரேட்டே வேற.”
அதற்கடுத்த பத்து வருஷத்தைப் பற்றி
நான் கேட்கவில்லை.
அவர் போன் பேச நகர்ந்த நேரம்
நாலு கல்லுக்கு நடுவில்
குத்தவைத்து ஒன்றுக்கிருந்தேன்.
என் மண்.
யாரையும் வழி கேட்கவில்லை.

“வாங்குறவர் பேரு?”

என் பேர், வாப்பா பேர், வயசு,
ராத்திரியே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.
வாய் திறந்தது.
“ஹுமைரா.”
“மகளா?”
“மகள்தான். இருபது முடிஞ்சிருச்சு.”
“அப்ப அவங்களை வரச் சொல்லுங்க.
ஆதார் அசல் வேணும்.”
பேனாவை மூடிக்கொண்டு சொன்னார்,
“உங்க ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் பாய்.
பேசி முடிக்கிறது ஒரு பேரு,
எழுதுறது ஒரு பேரு.”

அவள் ஸ்கூட்டியில் வந்து சேர்வதற்குள்
முதல் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
மேலே லாத்தா, மர்சூக்கா,
வடக்குத் தெரு, கதவு எண்.
கீழே என் பெயர்.
விலாசம் நான் சொல்லவே இல்லை,
பூமிராஜ் தானாகப் போட்டிருந்தார்:
மேற்படி.

வாசலில் இருந்து சேதுராக்கு
இரண்டு விரல் காட்டுகிறார்.
கமிஷன், இரண்டு பர்சென்ட்.