கட்டத் தாள்

ஈசிஜி அறையில் மிச்சமாகும் ரோஸ் தாளை
வீட்டுக்கு எடுத்து வருவேன்.
ஐந்து பெரிய கட்டம் ஒரு வினாடி.
இந்தக் கணக்கைப் பூச்சிக்கும் போட்டால் என்ன
என்று ஒரு புதன்கிழமை தோன்றியது.

ஒடுகத்தூர் தாண்டி, உத்திரகாவேரி ஓரம்,
கோரை நனைந்து கிடக்கும் இடம்.
மழை விட்டு மூன்றாம் நாள்.
புதிதாய் நட்ட எல்இடி கம்பம்
வெளிச்சத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.
ஒன்றும் தெரியவில்லை.

தண்ணித்தொட்டி ஆபரேட்டர் எத்திராஜ்தான்
தெருவிளக்கு சுவிட்சுக்கும் பொறுப்பு.
"இன்னாக்கா, பூச்சி எண்றதுக்கா லைட்ட நிறுத்தணும்?"
"பத்து நிமிஷம்."
"பிரசிடெண்டு போன் போட்டா நீயே பேசிக்கோ."
பெட்டியைத் திறந்து கட்டையை இழுத்தார்.

இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆனது.
பிறகு கோரைக்கு மேல், இடுப்பு உயரத்தில்
மஞ்சளில் பச்சை கலந்த ஒரு வெட்டு.
பென்சிலால் ஒரு கோடு.
மறுபடி வெட்டு. மறுபடி கோடு.
வினாடிக்கு இரண்டு, பிசகில்லாமல்.
மனுஷராயிருந்தால் நூற்றியிருபது:
படியேறி வந்தீங்களா என்று கேட்டு
உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து
இன்னொரு தரம் எடுத்திருப்பேன்.

ஒன்றை மாத்திரை டப்பாவில் பிடித்தேன்.
சுண்டுவிரல் நகத்தின் நீளம்.
வெந்த துவரம்பருப்பு நிறத்தில் முதுகு,
இறக்கை மூடியின் நுனி மட்டும்
மையில் தோய்த்தாற்போல் கறுப்பு.
தலையெல்லாம் கண்.
கவிழ்த்தால் வயிற்றின் கடைசியில் வெள்ளையாய் இரண்டு பட்டை.
ஆண்.
பெண்ணுக்கு ஒரு பட்டைதான்,
கீழே எங்கோ புல்லில் உட்கார்ந்து
இத்தனை பேர் பறப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

"அந்தாண்ட பாரு, ஒண்ணு அணையாமலே எரியுது!"

வேறு இனம் என்று நினைத்து ஓடினேன்.
கை தானாகக் கோடிழுத்துக்கொண்டே வந்தது,
ஏற்றமில்லை, இறக்கமில்லை,
எட்டு கட்டம், பத்து கட்டம்.
வேலையில் இப்படி வந்தால்
வயர் கழன்றிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

இரண்டு கோரைக்கு நடுவே சிலந்தி வலை.
நூல் சுற்றிய பொட்டலத்துக்குள்
அதே பருப்பு நிறம், அதே கறுப்பு நுனி,
அதே இரண்டு பட்டை.
சிலந்தி அவசரப்படவில்லை.

எத்திராஜ் போன் அடித்தது.
அவரே எடுத்தார். "ஃபீஸ் போயிடுச்சு சார்,
போட்டுனே இருக்கேன்."

விளக்கு வந்தது. டப்பாவைத் திறந்தேன்.
கட்டைவிரல் ஓரம் வரை நடந்து
மீசையைத் துடைத்துக்கொண்டது.
அந்த வெளிச்சத்தில் அது
வெறும் வண்டு.
"பேரு இன்னானு தெரிஞ்சிச்சா?"
தாளைக் காட்டினேன்.
தலைகீழாய்ப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.