பத்து நிமிடம்

புதுமடத்துக்குக் கடைசிப் பேருந்து ஆறு இருபது.
ஆய்வகத்தில் என் வேலை முடிவது ஆறரை.
நடுவில் கிடக்கும் பத்து நிமிடத்துக்குத்தான்
மாதம் ஏழாயிரத்து நானூறு
தவணை கட்டுகிறேன்.

காரில் நான் ஒருத்தி.
மீதி நாலு இருக்கையையும்
தினமும் ராமநாதபுரம் கூட்டிப்போய்க்
கூட்டி வருகிறேன்.
அவற்றுக்கு அங்கே ஒரு சோலியும் இல்லை.

உச்சிப்புளி கேட் அடைத்திருக்கிறது.
முன்னால் மருந்துக்கடை சேகு ஜலால், தனியாக.
பின்னால் பத்திர ஆபீஸ் ஃப்ளோரம்மாள், தனியாக.
கண்ணாடிக்குள்ளிருந்து கையசைக்கிறோம்,
ஒரே ஊர்க்காரர்கள்,
தீவு தீவாக.
உப்புக்காற்று மட்டும்
எல்லார் கதவையும் ஒன்றுபோலத் தின்கிறது.

ரயிலைக் காணோம்.
ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
'ஆறு இருபதை ஆறு நாற்பது ஆக்கவும்.'
இறங்கி, சேகு ஜலாலின் கண்ணாடியைத் தட்டினேன்.
சீட்டு காருக்குக் கார் போனது.

இடுக்கில் நடந்து வந்த முனியசெல்வி
காலி நண்டுக்கூடையை என் பானெட்டில் வைத்தாள்.
"கூடையப் பாத்தா கண்டக்டர் விசிலடிச்சுப் போயிருறான்.
அதையும் எழுது தாயி."
எழுதினேன்.

கேட் தூக்குமுன் பதினேழு கையெழுத்து,
ஒரு கைநாட்டு.

ஹாரன்கள்.
சீட்டு திரும்பி வந்துவிட்டது.
பேனா
எந்தக் காரில் போகிறதோ.